என் பாட்டி உயிரோடுதான் இருக்கிறார்

என் விண்ணப்பத்தைத் தயாரிக்கும் வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனத்தின் இயக்குநருக்கும், கட்டுரைப் பிரிவு ஆசிரியர்களுக்கும்,

சென்ற செவ்வாய்க்கிழமை நீங்கள் அனுப்பிய "இறுதி வடிவம்" கிடைத்தது. அதன் இரண்டாம் பத்தியில் என் பாட்டி புற்றுநோயில் இறந்துபோகிறார். உயிர் பிரியும் நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடலைக் காப்பாற்று" என்கிறார். நான் அழுகிறேன். அழுது முடித்ததும் சூழலியல் படிப்பதென்று முடிவெடுக்கிறேன்.

என் பாட்டிக்கு வயது 74. சீனாவின் ரூதோங் கடற்கரையில் வசிக்கிறார். அந்தப் பத்தியைத் தொலைபேசியில் நான் படித்துக் காட்டியபோது மதியச் சமையலுக்கு மட்டி அலசிக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டுவிட்டு, "என்னைக் கொல்ல உன் அப்பாவிடம் எவ்வளவு வாங்கினார்கள்?" என்றார். மூன்று தவணை என்றேன். "அவ்வளவு பணத்துக்குக் கொஞ்சம் வலி குறைந்த நோயாகப் பார்த்துக் கொடுத்திருக்கலாம்" என்றார்.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடனே உங்கள் ஆலோசகரை அழைத்தேன். "திருப்புமுனை இல்லாத கட்டுரையை யாரும் படிக்கமாட்டார்கள். பாட்டி என்பது ஓர் உத்தி" என்று பொறுமையாக விளக்கினார். அதன் பிறகுதான் இதை உங்களுக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதத் தீர்மானித்தேன். என் வகுப்புத் தோழியும் உங்களிடம்தான் பதிவு செய்திருக்கிறாள். நேற்றிரவு விடுதியில் இருவரும் கட்டுரைகளை அருகருகே வைத்துப் படித்தோம். அவளுடைய தாத்தா இறந்திருக்கிறார். அவருடைய கடைசி வார்த்தை: "காட்டைக் காப்பாற்று."

ஏப்ரலில் பதினான்கு பக்க வினாத்தாள் ஒன்றைத் தந்தீர்கள். "நீ யார் என்பதை உன் சொற்களில் சொல்" என்பது முதல் கேள்வி. இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதினேன். இடம் போதாமல் கூடுதல் தாள்களை இணைத்தேன். அத்தனையிலும் கட்டுரைக்கு வந்து சேர்ந்தவை "கடல்", "பாட்டி" என்ற இரண்டு சொற்கள். அதிலும் ஒன்றைச் சாகடித்துவிட்டீர்கள்.

நான் எழுதாதவை மட்டும் தாராளமாக இருக்கின்றன. யுன்னான் மழைக்காட்டில் பத்து நாள் தன்னார்வப் பணி செய்திருக்கிறேனாம். யுன்னானுக்கு நான் போனதே இல்லை. கேட்டால், "பின்புல மேம்பாடு" என்ற தொகுப்பில் அது அடங்கும் என்கிறீர்கள். ஆகஸ்டில் போய்வரலாம், பள்ளி வேலையில் போக முடியாவிட்டாலும் சான்றிதழ் வந்துவிடும் என்று ஆலோசகர் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா அதை ஒரு சலுகை என்று நினைத்துக்கொண்டு என்னிடம் மகிழ்ச்சியாகச் சொன்னார்.

நீங்கள் என்னை மழைக்காட்டில் நிறுத்திய ஆகஸ்டில் ஆண்டுதோறும் நான் எங்கே இருப்பேன் என்று வினாத்தாளின் ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. யாரும் படித்ததாகத் தெரியவில்லை. எனவே என்னை நானே மறுபடி அறிமுகப்படுத்திக்கொள்கிறேன். இந்த முறையாவது படியுங்கள்.

எனக்கு வயது 17. ஜியாங்சு மாநிலத்தில் யான்செங் நகரத்தின் கீழுள்ள தோங்தாய் என் ஊர். இப்போது நான்ஜிங்கில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். யான்செங் என்ற பெயருக்கு உப்பு நகரம் என்று பொருள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஃபான் ஜோங்யான் எங்கள் ஊர்ப் பக்கம் உப்புப் பண்டகசாலை அதிகாரியாக இருந்தார். கடல்நீர் வயல்களில் புகாமலிருக்க அணைக்கரை எழுப்ப வேண்டுமென்று வாதாடிக் கட்டவைத்தவர் அவர். நாடு முழுவதும் பிள்ளைகள் அவருடைய உரைநடையை மனப்பாடம் செய்கிறார்கள். எங்கள் ஊரில் அவர் பெயரைச் சொன்னால் முதலில் அந்தக் கரைதான் நினைவுக்கு வரும். இன்று அந்தக் கரையில் நின்றால் கடல் தெரியாது. பல பத்துக் கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது. மஞ்சள் ஆறு 1855 வரை எங்கள் மாநிலத்தின் வடபகுதி வழியாகத்தான் கடலில் கலந்துகொண்டிருந்தது. அது கொட்டிவிட்டுப்போன வண்டலை, கடல்நீர் ஏறி இறங்கும் ஓதம் வாரிவந்து வாரிவந்து கரையில் சேர்த்து நிலமாக்கியது. என் வீடு நிற்பது அப்படி வந்த மண்ணில்தான். "எங்கிருந்தோ கிளம்பி வந்த மண்ணில் பிறந்தவள், ஆகவே கிளம்புவது எனக்குப் புதிதில்லை" என்று எழுதியிருந்தேன். அந்த வரிக்கு எதிரே உங்கள் ஆசிரியர் சிவப்பு மையில் "தெளிவில்லை" என்று குறித்திருக்கிறார். தெளிவில்லாமல் இருக்கலாம். ஆனால் அந்தத் தெளிவின்மை என்னுடையது.

நான் பறவை பார்க்கத் தொடங்கியது பாட்டியால்தான். ரூதோங்கில் நீர் வற்றியதும் பெண்கள் சேற்றில் நின்று இரண்டு கால்களாலும் மாற்றி மாற்றி மிதிப்பார்கள். மிதிக்க மிதிக்க ஈரமண் இளகி, உள்ளே புதைந்திருக்கும் மட்டி மேலே வரும். சுற்றுலா வருபவர்கள் அதைக் "கடல் டிஸ்கோ" என்று சொல்லிப் படம் எடுக்கிறார்கள். பாட்டியைப் பொறுத்தவரை அது முழங்கால் வலி. எனக்கு ஆறு வயதிருக்கும்போது என்னையும் பக்கத்தில் நிறுத்தி மிதிக்கச் சொன்னார். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. "பறவை எங்கே குத்துகிறது என்று பார். அங்கே போய் மிதி" என்றார். அவ்வளவுதான். ஐந்து வயதில் முற்றத்தில் செத்துக் கிடந்த குருவியைக் கண்டு இயற்கையின் மேல் காதல் பிறந்தது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மட்டியின் மேல்தான் முதலில் ஆசை வந்தது.

அடுத்து கரண்டிமூக்கு உள்ளான். அப்படியொரு பறவையைக் கேள்விப்பட்டதே இல்லை, அயல்நாட்டுப் பேராசிரியர்களுக்கும் தெரிந்திருக்காது, பாண்டா என்று மாற்றினால் எல்லோருக்கும் புரியும் என்றார் ஆலோசகர். மாற்றியும்விட்டார். இப்போது என் கட்டுரையில் ஜியாங்சு கடற்கரைச் சேற்றில் பாண்டா உலவுகிறது. சூழலியல் துறையில் இருக்கும் ஒருவர் அதைப் படித்தால் என்ன நினைப்பார் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார்த்தீர்களா?

கரண்டிமூக்கு உள்ளான் ஏறக்குறைய சிட்டுக்குருவி அளவுதான். எடை முப்பது கிராம் அளவில் இருக்கும். ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியில், சுக்கோத்காவிலும் கம்சாத்காவிலும் கூடு கட்டுகிறது. குளிர்காலத்துக்கு மியான்மர், வங்கதேசம், தாய்லாந்துக் கரைகளுக்குப் போகிறது. ஏறக்குறைய 8000 கிலோமீட்டர் வழி. நடுவில் இறகு உதிர்த்துப் புது இறகு முளைக்கவும், உடம்பில் கொழுப்பு சேர்க்கவும் தோங்தாயின் தியாவ்ஸினி சேற்றுவெளியில் வாரக்கணக்கில் தங்குகிறது. உலகத்தில் இப்போது மிஞ்சியிருப்பவை சில நூறு. பறவை பார்க்கிறவர்கள் செல்லமாகச் "சின்னக் கரண்டி" என்போம். குஞ்சு முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வரும்போதே மூக்கு நுனி கரண்டியாகத்தான் இருக்கும். எந்தப் பின்புல மேம்பாட்டிலும் வாங்கிய மூக்கு இல்லை அது.

அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி வரும் பெரும் ஓதத்தில் வெளிச்சேறு மொத்தமும் மூழ்கிவிடும். பறவைகளுக்குக் கால் ஊன்ற இடம் இருக்காது. அதற்காகக் கடலணைக்கு உள்பக்கம் 720 மூ நிலத்தை, அதாவது 48 ஹெக்டேரை, 2020இல் ஒதுக்கிக் கொடுத்தார்கள். ஓதம் ஏறும் நேரம் பார்த்து அணையின்மேல் தொலைநோக்கியை நட்டுக்கொண்டு காத்திருந்தால், கடல் பக்கமிருந்து ஆயிரக்கணக்கான உள்ளான்கள் புகைபோல் எழுந்து தலைக்கு மேலாக வந்து உள்ளே இறங்கும். பெரும்பாலும் சிவப்புக்கழுத்துக் கொசு உள்ளான்கள். அவற்றின் நடுவே ஒன்று மட்டும் தலையை இடமும் வலமும் அசைத்துத் தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தால் அதைக் கவனிக்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் மூக்கு சாதாரணமாகத்தான் தெரியும். அது நம் பக்கம் திரும்பும்வரை கண்ணை எடுக்கக் கூடாது. ஒரு பிற்பகலில் நான்கு மணி நேரம் நின்று மூன்று பார்த்தேன். மூன்றாவது திரும்புவதற்குள் கூட்டம் எழுந்து பறந்துவிட்டது. எனக்கே உறுதியில்லாததால் குறிப்பேட்டில் இரண்டு என்று எழுதினேன். அன்று ஒரு கொசு உள்ளானின் காலில் ஆரஞ்சு நிறக் கொடியும் பார்த்தேன். பறவை போகும் வழியை அறிய ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் மாட்டும் அடையாளக் கொடி அது. கட்டைவிரல் பருமனுள்ள ஒரு பறவை அங்கிருந்து கிளம்பி என் ஊருக்கு வந்து நிற்கிறது. வெளிநாடு போக எனக்கு முதன்முதலில் துணிச்சல் வந்தது அந்தக் கொடியைப் பார்த்தபோதுதான். இதையும் எழுதியிருந்தேன்.

"இரண்டு" என்று நான் எழுதியது உங்கள் கட்டுரையில், "நூற்றுக்கணக்கான அரிய உயிரினங்களைக் காப்பாற்றினேன்" என்று ஆகியிருக்கிறது. நான் ஒன்றையும் காப்பாற்றவில்லை. எண்ணினேன். சந்தேகமாக இருந்ததை எண்ணாமல் விட்டேன். அந்த மூன்றாவது பறவையைக் கணக்கிலிருந்து விட்டதுதான் இந்தப் பதினேழு வயதில் நான் செய்த ஒரே அறிவியல் வேலை. அதைத்தான் அடித்துவிட்டீர்கள்.

முழுவதுமாக நீக்கப்பட்ட பக்கம் இன்னொன்று உண்டு. பன்னிரண்டாம் பக்கம். அங்கே "எதிர்மறை, குடும்பத்தைக் குறைசொல்வதுபோல் இருக்கிறது" என்று குறிப்பு. என் அப்பாவைப் பற்றிய பக்கம் அது.

2009இல் ஜியாங்சு கடலோர வளர்ச்சி தேசியத் திட்டமானது. சேற்றுவெளியை அணைபோட்டு வளைத்து நிலமாக்கினார்கள். அப்படி வளைத்த நிலத்தில் அப்பா குட்டை குத்தகைக்கு எடுத்து மீனும் இறாலும் வளர்த்தார். உங்களுக்குக் கட்டிய மூன்று தவணையும் அந்தக் குட்டையிலிருந்து வந்த பணம். நான் தொலைநோக்கி வைத்துத் தேடும் பறவைகள் ஒரு காலத்தில் மேய்ந்த இடம் அது. 2018இல் வணிகத்துக்காகக் கடலை வளைப்பதை நாடெங்கும் நிறுத்தினார்கள். 2019 ஜூலையில் எங்கள் கரை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. தொலைக்காட்சியில் செய்தி வந்தபோது நான் கைதட்டினேன். அப்பா எழுந்து வெளியே போனார். அடுத்த ஆண்டு குத்தகை புதுப்பிக்கப்படாது என்று அவருக்கு அதற்கு முந்தைய வாரமே சொல்லியிருந்தார்கள். எனக்குத் தெரியாது. அன்றிரவு சாப்பாட்டு மேசையில் யாரும் பேசவில்லை. மீனின் கன்னச் சதையை வழக்கம்போல் என் கிண்ணத்தில் வைத்தார். நான் தின்றேன்.

பறவைக்கு இடம் கிடைத்தால் அப்பாவுக்கு வேலை போகிறது, அப்பாவுக்கு வேலை இருந்தால் பறவைக்கு இடம் போகிறது. இரண்டுக்கும் சேர்த்து ஒரு வழி இருக்கிறதா என்று படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அன்றுதான் நினைத்தேன். வயது பதினொன்று, இவ்வளவு கோவையாக நினைத்திருக்கமாட்டேன், ஆனால் நினைத்தேன். திருப்புமுனை வேண்டும் என்றீர்களே, இதோ இருக்கிறது. இதில் யாரும் சாகவும் இல்லை.

பாடத் தேர்வுக்கு வருகிறேன். உயிரியல், வேதியியல், சூழல், பொருளறிவியல் நான்கையும் "பெரும்பள்ளங்கள்" என்று ஊரே கேலி பேசுவது எனக்கும் தெரியும். விழுந்தால் நல்ல வேலைக்கு ஏற முடியாதாம். அதைச் சொல்லி எச்சரிப்பது உங்கள் கடமை, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஐந்து விருப்பங்களில் மூன்றைத் தரவு அறிவியலுக்கு மாற்றியிருக்கிறீர்கள். ஐந்துக்கும் ஒரே அறிமுகம்தான் போகும் என்பது உங்களுக்குத் தெரியாதா? பாட்டியின் சாவால் மனம் உருகி, பாண்டாவைக் காப்பாற்ற, தரவு அறிவியல் படிக்கிறேன் என்று ஒருத்தி எழுதினால் யார் நம்புவார்கள்? பள்ளத்தைப் பற்றி என்றால், தியாவ்ஸினியில் ஓதம் இரண்டு பக்கமிருந்தும் வரும். எந்த ஓடை எப்போது நிரம்பும் என்று தெரியாதவர்கள் அங்கே இறங்கக் கூடாது. தெரிந்துகொண்டு இறங்குவது எப்படியென்று பாட்டி எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

உங்கள் வரவேற்பறைச் சுவரில் பெரிய கடலாமை ஓவியம் மாட்டியிருக்கிறீர்கள். கடல்கடந்து படித்துத் திரும்பியவரைச் சொல்லும் "ஹைகுய்" என்ற சொல்லும் கடலாமைக்கான சீனச் சொல்லும் காதுக்கு ஒன்றாகக் கேட்கும், அதனால் அந்த வேடிக்கை. எங்கள் யான்செங்கில் இன்னொரு ஹைகுய் உண்டு. தாஃபெங்கின் மீலூ மான். 1900ஐ ஒட்டிச் சீனாவில் ஒன்றுகூட மிஞ்சாமல் போனது. இங்கிலாந்தில் ஒரு பிரபு தம் தோட்டத்தில் திரட்டி வைத்திருந்த 18 மான்களின் வம்சம் பெருகித்தான் அந்த இனமே தப்பியது. 1986இல் பிரிட்டனிலிருந்து 39 மான்கள் தாஃபெங்குக்கு வந்தன. இன்று அங்கே ஏழாயிரத்துக்கும் மேல். கொம்பு மானுக்குரியது, முகம் குதிரைக்குரியது, குளம்பு மாட்டுக்குரியது, வால் கழுதைக்குரியது, ஆனால் மொத்தத்தில் நான்கில் எதுவும் இல்லை என்பதால் "நான்கிலும் சேராதது" என்று அதற்கு ஒரு பெயர். போனபோதும் வந்தபோதும் அதே முகம்தான்.

எனக்கு உங்கள் உதவி வேண்டாம் என்று சொல்லவில்லை. என் ஆங்கிலம் சுமார். காலங்கள் குழம்பும். ஒருமை பன்மை தவறும். அவற்றைத் திருத்துங்கள். வாக்கியம் நீண்டால் வெட்டுங்கள். எந்தப் பல்கலைக்கழகத்தில் ஈரநிலச் சூழலியலை நன்றாகச் சொல்லித்தருகிறார்கள் என்று தேடித் தாருங்கள். அப்பா பணம் கட்டியது அதற்குத்தான் என்று இன்னமும் நம்புகிறேன். கட்டுரை எழுதிய ஆசிரியர் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார். ஒரே பருவத்தில் அவர் தலையில் எத்தனை கட்டுரை கட்டுகிறீர்கள் என்று அவர் குரலின் களைப்பிலேயே தெரிந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. எத்தனை பாட்டிகளைத்தான் அவர் கொல்வார்?

ஆனால் பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான யூகாஸ் விண்ணப்பத்தை அனுப்பும்போது "இது என் சொந்த எழுத்து" என்று உறுதி கூற வேண்டியவள் நான். ஒப்புமை கண்டறியும் மென்பொருளில் என் பாட்டியும் தோழியின் தாத்தாவும் சேர்ந்து மாட்டினால் தகவல் போவது நாங்கள் விண்ணப்பித்த பல்கலைக்கழகங்களுக்கு. உங்கள் நிறுவனத்தின் பெயர் எங்கும் வராது. கணக்கு தொடங்கிய மின்னஞ்சலும் கடவுச்சொல்லும்கூட என்னிடம் இல்லை, உங்களிடம் இருக்கின்றன. நான் தூங்கிக்கொண்டிருக்கும்போது நான் போகாத காட்டைப் பற்றி நான் எழுதாத கட்டுரையை என் பெயரில் நீங்கள் அனுப்பிவிட முடியும்.

ஆகவே நான் கேட்பவை இவை. என் விண்ணப்பக் கணக்கின் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் வரும் வெள்ளிக்கிழமைக்குள் என்னிடம் ஒப்படையுங்கள். இனி நான் பார்த்து ஒப்புக்கொள்ளாத ஒரு வரிகூட என் பெயரில் போகக் கூடாது. "இறுதி வடிவ"த்தை அழித்துவிட்டு என் வினாத்தாளையும் கூடுதல் தாள்களையும் குறிப்புகளுடன் திருப்பித் தாருங்கள். யூகாஸ் இப்போது கேட்கும் மூன்று கேள்விகளுக்கும் 4000 எழுத்துக்குள் நானே எழுதித் தருகிறேன், நீங்கள் இலக்கணம் மட்டும் பாருங்கள். ஐந்து விருப்பங்களையும் நான் முதலில் கொடுத்தபடியே வையுங்கள். யுன்னான் சான்றிதழை என் கோப்பிலிருந்து எடுத்துவிட்டு, அந்தத் தொகுப்புக்கு வாங்கிய தொகையை அப்பாவின் கணக்கில் திருப்பிச் செலுத்துங்கள். அவர் இப்போது இன்னொருவருடைய குட்டையில் கூலிக்கு வேலை பார்க்கிறார். என்னோடு பதிவு செய்த மற்ற மாணவர்களுக்கும் அவரவர் கட்டுரையை விண்ணப்பம் போவதற்கு முன்பே காட்டுங்கள். அவர்களுடைய வீட்டில் யார் யார் செத்திருக்கிறார்கள் என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

கடைசியாக, என் பாட்டியிடம் மன்னிப்புக் கேளுங்கள். நேரில் வர வேண்டாம், தொலைபேசி போதும். எண் என் கோப்பின் முதல் பக்கத்தில், அவசரத் தொடர்பு என்ற இடத்தில் இருக்கிறது. அழைக்கும்முன் ஓத அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீர் வற்றியிருக்கும் நேரமென்றால் எடுக்கமாட்டார், சேற்றில் இருப்பார்.

இப்படிக்கு,
கோப்பு எண்ணால் மட்டும் நீங்கள் அறிந்த தோங்தாய் மாணவி